“எனக்கு ஒரு நாள் முன்னால் இவனைக் கூப்பிட்டுக்கொள்”

கேள்வி: எனக்கு வயது 38. தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். மகனுக்கு 11 வயது, மூளை முடக்குவாதம். நடக்க மாட்டான், பேச மாட்டான், எல்லாமே படுக்கையில்தான். ஃபிட்ஸுக்கு மாத்திரை கொடுக்கிறோம். 26 கிலோ இருக்கிறான், நான்தான் தூக்குகிறேன். கணவர் கேரளாவில் கட்டட வேலை பார்க்கிறார், மாதம் இரண்டு முறை வருவார். மகள் பத்தாம் வகுப்பு. அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார். கிரகணத்தன்று நான் வெளியே வந்ததால்தான் பிள்ளை இப்படி என்பார். எனக்கோ, வலி வந்தும் விடியட்டும் என்று இருந்துவிட்டோமே என்ற உறுத்தல். பிறந்ததும் அவன் அழவில்லை, பத்து நாள் பெட்டியில் வைத்திருந்தார்கள். வீட்டில் பீடி சுற்றுகிறேன். ஒரு காலத்தில் நாளைக்கு ஆயிரம் சுற்றுவேன், இப்போது நானூறு தாண்டவில்லை. ஜூனில் பள்ளி திறந்த அன்று, இவன் பிறந்த அதே வாரத்தில் பிறந்த எதிர்வீட்டுப் பையன் புது யூனிஃபார்ம் போட்டு சைக்கிளில் ஆறாம் வகுப்புக்குப் போனான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சோறு மண் மாதிரி இருக்கிறது. அழுகைகூட வரவில்லை. ஒரு ராத்திரி விடாமல் கத்தினான், அடித்துவிட்டேன். கத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். அந்த வாரம்தான் ஆடித்தபசு. சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் முன்னால் நின்று, ‘எனக்கு ஒரு நாள் முன்னால் இவனைக் கூப்பிட்டுக்கொள் தாயே’ என்று கேட்டுவிட்டேன். நான் ஒரு தாயா?

– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மனநல ஆலோசகராக இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்க்கும் அம்மாக்களில் அந்த வேண்டுதலை என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. முதல் தடவை வரும்போது சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, நான்காவது தடவை, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சொல்வார்கள். நீங்கள் கேட்டதை நீங்களே ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். ‘ஒரு நாள் முன்னால்’ என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஆயுசு முழுக்க இவனை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு மறுநாள் பார்க்கத்தான் எனக்கு ஆள் தெரியவில்லை என்று அம்மனிடம் முறையிட்டிருக்கிறீர்கள். அந்த மறுநாளைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே பேசலாம், கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்றை நேராகக் கேட்டுவிடுகிறேன். ‘இவனையும் கூட்டிக்கொண்டு நானும் போய்விடலாம்’ என்ற நினைப்பு எப்போதாவது வந்ததா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் மூன்று மணிக்கு விழித்து, சோறு இறங்காமல், அழக்கூட முடியாமல் இருக்கும் ஒருவரிடம் இதைக் கேட்காமல் விட்டால் என் வேலையை நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம். வந்திருந்தால், இன்றைக்கே யாராவது ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவில் தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் அரசு மனநல உதவி எண் அது, டெலி மானஸ் என்று பெயர். அந்த நினைப்பு வராவிட்டாலும் கூப்பிடுங்கள். பையன் தூங்கிய பிறகு பேச ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, இப்போது கடிதத்துக்கு வருகிறேன். அதில் துயரமும் நோயும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதிர்வீட்டுப் பையனின் யூனிஃபார்மைப் பார்த்ததும் வந்தது துயரம். 1962ல் சைமன் ஓல்ஷான்ஸ்கி என்ற அமெரிக்கச் சமூகப் பணியாளர், அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் வேலை பார்த்த அனுபவத்தில் இதற்கு ‘நாள்பட்ட துயரம்’ என்று பெயர் வைத்தார். பெற்றோர் ‘ஏற்றுக்கொள்ளவில்லை’ என்று டாக்டர்களும் ஆலோசகர்களும் குறைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. இது இயல்பான துயரம், வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும், இதை ஒரு கோளாறாகப் பார்க்காதீர்கள் என்று அவர் தன் தொழில்காரர்களுக்குத்தான் சொன்னார். நம் ஊரில் ஒரு சாவு என்றால் பதினாறாம் நாள் காரியம் உண்டு, வருஷத் திதி உண்டு. துக்கத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளை உயிரோடு, உங்கள் மடியில் இருக்கிறான். நீங்கள் இழந்தது, அவன் வயிற்றில் இருந்தபோது மனதில் வளர்த்த இன்னொரு பிள்ளையை. அதற்கு யாரும் துக்கம் கேட்க வரமாட்டார்கள். அதனால் அது நாள் பார்த்துத் தானாகவே வரும். அவன் வயதுப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியபோது வந்திருக்கும். எதிர்வீட்டுப் பையன் பத்தாம் வகுப்பு எழுதும்போது வரும், அவன் கல்யாணப் பத்திரிகை வரும்போதும் வரும். வரட்டும். அன்றைக்கு அழுதுவிட்டு மறுநாள் பீடித்தட்டை எடுத்து வைத்தால் போதும். அதற்கு மருந்து வேண்டாம்.

ஆனால் இந்தத் தடவை வந்தது போகவில்லையே. துயரம் வந்து வந்து போகும். நடுவில் பசிக்கும், யாராவது ஏதாவது சொன்னால் சிரிப்பு வரும். உங்களுக்கு ஜூனிலிருந்து தூக்கம் இல்லை, பசி இல்லை, கண்ணீர்கூட இல்லை. இரண்டு வாரம் இப்படி இருந்தாலே டாக்டரைப் பார்க்கச் சொல்வோம், உங்களுக்கு மாதக்கணக்கில் ஆகிவிட்டது. ஆயிரம் சுற்றிய கை நானூறில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், நான் நிரப்பச் சொல்லும் கேள்வித்தாளைவிட அந்தக் கணக்கு தெளிவாகச் சொல்கிறது. இது மனச்சோர்வு நோய். சுகர், பிரஷர் மாதிரி வைத்தியம் பார்க்க வேண்டியது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி ஆளைச் சுருட்டிப் போடும் என்பதால் அந்தப் பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மாத்திரை எழுதினால் இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும். அதற்குள் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள். எல்லா அம்மாக்களும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: ராத்திரி அவனுக்கு ஃபிட்ஸ் வந்தால் தெரியாமல் தூங்கிவிடுவேனோ? இதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். அதற்குத் தகுந்த மாதிரி மருந்தையும், அதைச் சாப்பிடும் நேரத்தையும் அவர் மாற்றிக்கொடுப்பார்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மாவிடம், ‘உங்களால் முடியும் என்பதால்தான் கடவுள் இந்தக் குழந்தையை உங்களிடம் கொடுத்திருக்கிறார்’ என்றேன். ரொம்ப ஆறுதலாகப் பேசிவிட்ட திருப்தி எனக்கு. அவர் தலையாட்டிவிட்டுப் போனார், அப்புறம் வரவே இல்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. தெய்வம் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் அவருக்கு முதுகு வலிக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். உங்களையும் ஊரில் அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்படிச் சொல்பவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: ‘செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா?’

கிரகணத்துக்கும் உங்கள் மகனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதில் பேச ஒன்றும் இல்லை. விடியட்டும் என்று இருந்தது பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறந்ததும் அழாததால் மூளை பாதித்தது என்பார்கள். சில பிள்ளைகளுக்கு அது உண்மை. ஆனால் பல பிள்ளைகளுக்குப் பாதிப்பு வயிற்றிலேயே நடந்து முடிந்திருக்கும், பாதிப்பு இருப்பதால்தான் பிறந்ததும் அழ முடிவதில்லை. எது முன்னால், எது பின்னால் என்று தெரியாத ஒன்றுக்கு நீங்கள் பதினொரு வருடமாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். வலி எடுத்த ராத்திரியில் விடியட்டும் என்று காத்திருக்காத வீடு நம் ஊரில் எத்தனை?

அம்மா மேல் பழி போடுவது உங்கள் அத்தை கண்டுபிடித்தது இல்லை. ஆட்டிசம் வருவதற்கு அம்மாவின் பாசக்குறைவுதான் காரணம் என்று அமெரிக்காவில் படித்த பெரிய மனிதர்களே வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘ஃப்ரிட்ஜ் அம்மாக்கள்’ என்று அந்தப் பெண்களுக்குப் பெயர். 1964ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் அதை மறுத்துப் புத்தகமே எழுதினார். அவர் மகனுக்கும் ஆட்டிசம். தன் மனைவி எப்படிப்பட்ட தாய் என்று அவருக்குத் தெரியும் அல்லவா! அத்தையிடம் இதையெல்லாம் சொல்லி வாதாட வேண்டாம். அவருக்கும் இது பேரன், அவருக்கும் ஒரு காரணம் தேவைப்படுகிறது. அந்தப் பேச்சு வரும்போது பதில் சொல்லாமல் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். ‘அத்தை, இந்தக் கஞ்சியைக் கொஞ்சம் ஆற்றிக் கொடுங்கள்.’

இப்போது அந்த ராத்திரிக்கு வருவோம். அடித்தது தவறுதான், பூசி மெழுக மாட்டேன். மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? பேச்சு வராத பிள்ளைக்கு என்ன புரியும் என்று நினைத்துவிடாதீர்கள். என்னையே பார்த்தான் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள். இன்னும் கேட்கவில்லை என்றால் இன்றைக்குக் கேளுங்கள். அடுத்த முறை கை ஓங்கும் என்று தோன்றினால், அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் தலையணை அணைத்துவிட்டு, திண்ணைக்கோ கொல்லைப்புறத்துக்கோ போய்விடுங்கள். ஐந்து நிமிடம் அவன் அழுதுகொண்டு கிடப்பதால் ஒன்றும் ஆகாது. முகம் கழுவிவிட்டு வாருங்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றும் கேள்வி, அவன் ஏன் கத்தினான் என்பது. நடக்காத பிள்ளைகளுக்கு இடுப்பு எலும்பு மூட்டிலிருந்து மெதுவாக விலகும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த விலகல் உண்டு, நடக்காதவர்களுக்கு இன்னும் அதிகம். ராத்திரி கால் திரும்பும்போது உயிர் போகும் வலி. அவனால் இடுப்பைக் காட்டிச் சொல்ல முடியாது. டயப்பர் மாற்றும்போது, காலை விரிக்கும்போது கத்துகிறானா என்று கவனியுங்கள். ஒரு எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். அடுத்தது மலச்சிக்கல். மூன்று நாள், நான்கு நாள் போகாமல் இருந்தால் அந்த வயிற்றோடு யாருக்குத் தூக்கம் வரும்? சொத்தைப் பல், சாப்பிட்டது எதுக்களித்து வருவது, இவையும் ராத்திரியில்தான் வேலையைக் காட்டும். குழந்தை டாக்டரிடம் போகும்போது ‘ஃபிட்ஸ் மாத்திரை எழுதிக் கொடுங்கள்’ என்பதோடு நிறுத்தாமல், ‘ராத்திரி கத்துகிறான், வலி இருக்கிறதா பாருங்கள்’ என்று கேளுங்கள். அவன் தூங்கினால் நீங்கள் தூங்குவீர்கள். உங்கள் மனச்சோர்வுக்கு நான் எழுதும் மருந்துச்சீட்டில் அவனுடைய இடுப்பு எக்ஸ்ரேயும் உண்டு.

26 கிலோவைத் தரையிலிருந்து தூக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாயை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு மாற்றுங்கள், உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கிட்டே வரும் மாதிரி கால்களுக்குக் கட்டை வைத்துக்கொள்ளலாம், ஓரத்தில் தடுப்பு முக்கியம். அடுத்த வருடம் அவன் இன்னும் கனப்பான், முதுகு போய்விட்டால் யார் தூக்குவது? இதெல்லாம் கற்றுக்கொடுக்க ஆள் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறதல்லவா, 1981ல் ராமகிருஷ்ணன் ஆரம்பித்தது. கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். அவர்களுடைய பணியாளர்கள் கிராமங்களில் வீட்டுக்கே வந்து தெரபி சொல்லிக்கொடுக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலும் பிசியோதெரபி உண்டு. பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய் வருகிறதா? வராவிட்டால் கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். நிரமயா என்று ஒரு மருத்துவக் காப்பீடும் இருக்கிறது, ஒரு லட்சம் வரை. ஆஸ்பத்திரியில் சேராமலேயே பார்க்கும் தெரபிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு. பலர் கேள்விப்பட்டதே இல்லை.

இந்த மாதிரி இடங்களுக்குப் போனால் வாசலில் காத்திருக்கும் மற்ற அம்மாக்களைப் பார்ப்பீர்கள். என்னோடு பேசுவதைவிட அவர்களோடு பேசுவது உங்களுக்கு அதிகம் உதவும் என்று தோன்றுகிறது. அவர்களிடம் அந்த வேண்டுதலைச் சொல்லிப் பாருங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். குறையாக எதுவும் சொல்லவில்லை, நல்லதாகவும் சொல்லவில்லை. வரும்போது பழமும் பிஸ்கட்டும் வாங்கி வருவார், மகனைத் தூரத்திலிருந்து பார்ப்பார், திரும்பிப் போய்விடுவார் என்று நானாக ஊகிக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் பார்த்த அப்பாக்கள் பலரிடம் பிள்ளையைத் தொடும் தைரியம் போய்விட்டிருந்தது, பாசம் போயிருக்கவில்லை. ‘கொஞ்சம் உதவி செய்யுங்கள்’ என்றால் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் குளிப்பாட்டுவது அவர் வேலை என்று ஒன்றை மட்டும் ஒப்படையுங்கள். காதில் தண்ணீர் போகும், சோப்பு சரியாகப் போகாது. உள்ளே போய்ப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்! அந்த நேரத்தில் கடைக்குப் போய்விடுவது உத்தமம்.

இனி அந்த மறுநாள். எனக்குப் பிறகு அக்காதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறீர்களா? பெரும்பாலான வீடுகளில் வாய்விட்டுச் சொல்வதுகூடக் கிடையாது, அந்தப் பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். பதினைந்து வயதில் அதைச் சுமக்கும் பெண், நாளைக்குப் படிப்பு, வேலை, கல்யாணம் எதை நினைத்தாலும் தம்பியைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவாள். அன்பால் அவளாக வந்தால் அது வேறு. நீங்கள் எழுதி வைக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் உங்கள் மகனைப் போன்றவர்களுக்காகவே வந்தது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை அதில் வரும். அவனுக்குப் 18 வயது முடிந்ததும், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுப்போட்டுச் சட்டபூர்வமான பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். பெற்ற தாயானாலும் 18க்குப் பிறகு தானாக அந்த உரிமை வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளைக்குப் பின்னாளில் தலைவராக இருந்தவர் பூனம் நடராஜன். கடுமையான குறைபாடுள்ள மகனை வளர்த்தவர், 1985ல் சென்னையில் வித்யா சாகர் அமைப்பைத் தொடங்கியவர். ‘எனக்குப் பிறகு யார்’ என்ற கேள்வியை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அதற்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. இப்போதே ஆரம்பிக்க வேண்டியது நாற்பது பக்க நோட்டு ஒன்று. என்னைத் தவிர யாராலும் இவனைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று இந்த அம்மாக்கள் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஏனென்றால் விவரம் முழுக்க அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது. அதை இறக்கி வையுங்கள். எப்படி உட்கார வைத்தால் புரையேறாது, எந்தச் சத்தம் பசிக்கு, எந்தச் சத்தம் ஈரத்துக்கு, மாத்திரை எத்தனை மணிக்கு, ஃபிட்ஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108ஐக் கூப்பிட வேண்டும் என்பது, எந்தப் பாட்டுக்குச் சிரிப்பான் என்பது. எழுதத் தோதுப்படாவிட்டால் நீங்கள் சொல்லச் சொல்ல மகள் எழுதட்டும். அப்புறம் நம்பிக்கையான ஒரு ஆளை, சித்தியோ மதினியோ பக்கத்து வீட்டு ஆச்சியோ, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒருவேளைச் சோறு ஊட்டச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து நீங்கள் தெருமுனை வரை போய் வாருங்கள். பிறகு ஒரு மணி நேரம்.

மார்ச்சில் மகளுக்குப் பொதுத்தேர்வு வரும். முதல் பரீட்சை அன்று அவளைப் பள்ளி வாசல் வரை நீங்களே கொண்டுபோய் விட வேண்டும் என்பது என் ஆசை. அந்த இரண்டு மணி நேரத்துக்குத் தம்பியோடு இருக்கப்போவது யார் என்று இப்போதே பேசி வையுங்கள். அவரிடம் கொடுக்கத்தான் அந்த நோட்டு.